சூனிய விசாரணையும் வகுப்பறை அரங்கும்
ஆதர் மில்லரின் 'த குறூசிபிள்' நாடகத்தைக் கற்பித்தல் குறித்து ஒரு நோக்கு

நாடகம் படிப்பதற்காக மாத்திரம் எழுதப்படுவதன்று என்பது பலகாலும் எடுத்துரைக்கப்பட்டுவரும் உண்மையாகும். ஆயினும், பாடநூலாக விதிக்கப்பட்டதும் ஒரு நாடகம் பெரும்பாலும் அடையும் கதி நாமறிந்ததே. அங்கம் அங்கமாக வாசிக்கப்பட்டு, பாத்திரங்களின் குணநலன்களாக வகுக்கப்பட்டு, ஈற்றிற் பரீட்சை வினாவுக்குரிய விடையாக அது சுருங்கிவிடுகின்றது. ஆங்கிலம் பயிலும் பல நாட்டு வகுப்பறைகளில் நெடுங்காலமாகப் பாடநூலாக இருந்துவரும் ஆதர் மில்லரின் 'த குறூசிபிள்' நாடகமும் இக்கதிக்குத் தப்பவில்லை. பொய்யுரைத்த சிறுமியர் தீயோர், உண்மைக்காக உயிர்நீத்த ஜோன் புறொக்டர் நல்லோன், அக்கால மக்கள் மூடநம்பிக்கையில் ஆழ்ந்திருந்தோர் என்ற மூன்று முடிவுகளுடன் மாணவர் நூலை மூடிவிடுகின்றனர். தம்மை அவ்வூராருள் ஒருவராக எண்ணிப் பார்க்கவேண்டிய தேவை அவர்களுக்கு எழுவதேயில்லை.

இந்நாடகத்தை வகுப்பறை அரங்க முறைகள்வழி அணுகும்போது எத்தகைய அறிவு பெறப்படுகின்றது என்பதையும், அம்முறைகளுள் மறைந்திருக்கும் ஆபத்து யாதென்பதையும் இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது. நாடகத்தின் மையப்பொருள் சூனியத்தின்மீதான நம்பிக்கை அன்று; குற்றமற்றவர் எவரும் தம்மை நிரூபிக்க முடியாதவாறு அமைந்த ஒரு விசாரணைமுறையே அதன் மையம் என்பது எமது கருத்து. அம்முறையின் இயக்கத்தை வாசித்து அறிவதிலும், அதனுள் நின்று செயற்பட்டு அறிவது ஆழமானதாகும்.

வரலாறும் நாடகமும்

1692ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அன்று ஆங்கிலேயக் குடியேற்றமாயிருந்த மசச்சூசெற்ஸ் பகுதியின் சேலெம் கிராமத்தில், சாமுவேல் பரிஸ் என்னும் மதகுருவின் வீட்டுச் சிறுமியர் இருவர் காரணம் புலப்படாத வலிப்புக்கு ஆளாயினர். சூனியமே காரணம் எனப்பட்டது. மே மாதத்தில் ஆளுநர் வில்லியம் பிப்ஸ் இதற்கெனச் சிறப்பு நீதிமன்றம் ஒன்றை நிறுவினார். ஜூன் 10ஆந் திகதி முதலாவது தூக்குத்தண்டனை நிறைவேற்றப்பட்டது. செப்ரெம்பர் முடிவதற்குள் பதினான்கு பெண்களும் ஐந்து ஆண்களுமாகப் பத்தொன்பது பேர் தூக்கிலிடப்பட்டனர். வழக்காட மறுத்த முதியவரான ஜைல்ஸ் கோரி, உடல்மீது பாரக்கற்கள் ஏற்றப்பட்டு இறந்தார். குறைந்தது ஐவர் சிறையில் மாண்டனர். குற்றஞ்சாட்டப்பட்டோர் தொகை 150இற்கும் மேலாகும்.

இவ்விசாரணைகளில் இரு அம்சங்கள் முக்கியமானவை. ஒருவருடைய ஆவியுரு வந்து தம்மைத் துன்புறுத்தியதெனப் பாதிக்கப்பட்டவர் கூறுவது சாட்சியமாக ஏற்கப்பட்டது. பிறர் கண்ணுக்குத் தோன்றாத ஓர் உருவை மறுப்பதற்கு எச்சாட்சியைக் கொணர்வது? அடுத்து, குற்றத்தை ஒப்புக்கொண்டு அதில் நிலைத்து நின்ற எவரும் தூக்கிலிடப்படவில்லை. மறுத்தவர்களே தூக்குமரம் ஏறினர். ஒப்புக்கொண்டவரிடம் வேறு பெயர்கள் கேட்கப்பட்டன. எனவே பொய் உயிரைக் காத்தது. அப்பொய்யின் விலை அயலவரின் பெயராயிற்று.

1952இற் சேலெம் சென்று நீதிமன்றப் பதிவேடுகளைப் பார்வையிட்ட மில்லர், 1953 ஜனவரி 22ஆந் திகதி நியூயோர்க்கில் மேடையேறிய தம் நாடகத்துக்கு அங்கிருந்தே கருப்பொருளைப் பெற்றார். செனற்றர் ஜோசப் மக்கார்த்தியின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் கம்யூனிச எதிர்ப்பு வேட்டை உச்சம் பெற்றிருந்த காலம் அது. விசாரணைக் குழுக்கள் தம்முன் வந்தோரிடம் அவர்களது கடந்தகாலத்தை மட்டுமன்றி, உடனிருந்த தோழர்களின் பெயர்களையும் கேட்டன. மில்லரின் நாடகங்களை நெறிப்படுத்திய எலியா கசான் 1952இற் பெயர்களைக் கூறினார். 1956இல் மில்லரே குழுவின்முன் அழைக்கப்பட்டபோது பிறர் பெயர்களைக் கூற மறுத்தார். அதன்பொருட்டு 1957இற் குற்றவாளியாகக் காணப்பட்டு, 1958இல் மேன்முறையீட்டில் விடுவிக்கப்பட்டார். நாடகத்தின் நாயகன் எதிர்நோக்கிய வினாவை, மூன்றாண்டுகள் கழித்து நாடகாசிரியரே எதிர்நோக்க நேர்ந்தது.

மில்லர் வரலாற்றை மாற்றியும் உள்ளார். அபிகேல் வில்லியம்ஸ் உண்மையிற் பதினொரு, பன்னிரு வயதுச் சிறுமி. புறொக்டர் அறுபதை அண்மித்தவர். நாடகத்தில் அவள் பதினேழு வயதினளாகவும் அவர் முப்பதுகளின் நடுப்பகுதியினராகவும் ஆக்கப்பட்டு, இருவரிடையே தகாத உறவொன்றும் புனையப்பட்டுள்ளது. இப்புனைவு நாடகத்துக்கு இறுக்கம் தருகின்றதெனினும், ஒரு பெண்ணின் பொறாமையே பேரழிவுக்குக் காரணம் என மாணவர் எளிதில் முடிவுகட்டவும் இடமளிக்கின்றது. போல் போயரும் ஸ்ரீபன் நிசன்பௌமும் 1974இல் வெளியிட்ட ஆய்வு, கிராமத்து வேளாண் குடும்பங்களுக்கும் வணிக நகர்சார்ந்த குடும்பங்களுக்கும் இடையிலான பொருளாதார முரண்பாட்டை முன்னிறுத்தியது. பின்வந்தோர் அதன் சில முடிவுகளைக் கேள்விக்குட்படுத்தியுள்ளனராயினும், நிலத்தகராறும் குழுப்பகையும் குற்றச்சாட்டுக்களின் பின்னணியில் இருந்தமை மறுக்கப்படவில்லை. மில்லரும் தோமஸ் புற்னம் என்னும் பாத்திரத்தின் நிலப்பசிவழி இதனைச் சுட்டிச் செல்கின்றார்.

வகுப்பறை அரங்கு என்பது

இங்கு வகுப்பறை அரங்கு என்பது பாடசாலை விழாவுக்காக நாடகம் பழகுவதைக் குறிப்பதன்று. இதில் பார்வையாளர் இல்லை. மனப்பாடம் செய்த உரையும் அவசியமில்லை. பங்குபற்றுவோரின் அனுபவமும் அதன்மேலான சிந்தனையுமே இதன் நோக்கமாகும். இங்கிலாந்திற் பீற்றர் சிலேட் 1954இலும் பிறையன் வே 1967இலும் வெளியிட்ட நூல்கள் பிள்ளையின் ஆளுமை வளர்ச்சியை முதன்மைப்படுத்தின. டொறதி ஹீத்கோற், கவின் போல்ரன் ஆகியோர் இதனை மேலும் நகர்த்தி, நாடகத்தை ஒரு பொருளைப் பற்றி அறியும் வழியாக வளர்த்தனர். ஆசிரியர் வெளியே நின்று பணிக்காது, தாமும் ஒரு பாத்திரமேற்று உள்நுழைவது ஹீத்கோற்றின் முறைகளுட் சிறப்பானது. பிறேசிலைச் சேர்ந்த ஒகஸ்ரோ போல் உருவாக்கிய 'ஒடுக்கப்பட்டோர் அரங்கு' வேறொரு வரலாற்றிற் பிறந்ததாயினும், உடல்களாற் காட்சி அமைத்தல், நிகழ்வை இடைநிறுத்தி மாற்றிப் பார்த்தல் ஆகிய அதன் முறைகளும் வகுப்பறைக்குள் வந்துள்ளன.

காதிற் கூறப்பட்ட சொல்

இந்நாடகத்தை அறிமுகஞ்செய்யப் பல ஆசிரியர்கள் கையாளும் பயிற்சி ஒன்றுண்டு. ஆசிரியர் ஒவ்வொரு மாணவரையும் அணுகி, அவர் சூனியக்காரரா குற்றமற்ற ஊரவரா என்பதைக் காதோடு கூறுவார். பின்னர், சூனியக்காரர் எவரும் இல்லாத, இயன்றளவு பெரிய குழுக்களை அமைக்குமாறு பணிப்பார். சூனியக்காரர் ஒருவரேனும் புகுந்த குழு தோற்றதாகும். உடனே விசாரணை தொடங்குகின்றது. சிரிப்பவர் ஐயத்துக்குள்ளாகின்றார், சிரியாதவரும் ஐயத்துக்குள்ளாகின்றார். தனித்திருப்போரும் வாய்திறவாதோரும் முதலில் விலக்கப்படுகின்றனர். முடிவிற் சூனியக்காரரைக் கையுயர்த்துமாறு கேட்கும்போது ஒரு கையும் உயர்வதில்லை. ஆசிரியர் எவர் காதிலும் அச்சொல்லைக் கூறவேயில்லை.

இப்பயிற்சியின் வலிமை வெளிப்படை. ஆனால் இதன் ஆபத்தும் இங்கேயே உள்ளது. விலக்கப்பட்டவர் யார் என நோக்கின், அவர் பெரும்பாலும் விளையாட்டுக்கு முன்னரே அவ்வகுப்பில் விலக்கப்பட்டிருந்தவராகவே இருப்பார். சேலெமிலும் முதலிற் குற்றஞ்சாட்டப்பட்ட மூவர் ஓர் அடிமைப்பெண்ணும், இரந்துண்ட ஒருத்தியும், ஊராரின் மதிப்பை இழந்திருந்த ஒருத்தியுமே. விளையாட்டு உண்மையைக் காட்டுகின்றது. ஆனால் அதனை ஒரு மாணவரின் செலவிற் காட்டுகின்றது. ஆகவே, இதனை நடத்தும் ஆசிரியர் வகுப்பின் உறவுகளை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்; விலக்கும் நிகழ்ச்சியைச் சில நிமிடங்களுள் நிறுத்தவேண்டும்; பொய்யைத் தாமே கட்டியமைத்ததை ஒளியாது கூறவேண்டும். 'நீ ஏன் அவரை ஐயுற்றாய்?' என்பதோடு, 'நான் கூறியதை ஏன் ஒருவரும் ஐயுறவில்லை?' என்ற வினாவும் எழுப்பப்படுதல் அவசியம். இரண்டாவது வினாவே நாடகத்துக்கு இட்டுச்செல்லும் வாயிலாகும்.

ஒப்புதலின் தருக்கம்

முதலாம் அங்கத்தில் அடிமைப்பெண் ரிற்றூபா ஒப்புக்கொள்ளும் காட்சி, வாசிப்பின்போது வேகமாகக் கடந்துசெல்லப்படுவதுண்டு. இதனை ஐந்து உறைநிலைக் காட்சிகளாகப் பிரித்து அமைக்கலாம்: அவள் மறுக்கிறாள், அச்சுறுத்தப்படுகிறாள், ஒப்புக்கொள்கிறாள், ஆதரவுடன் நோக்கப்படுகிறாள், பெயர் கூறுகிறாள். ஒவ்வொரு காட்சியிலும் அசைவற்று நிற்போரின் தோளை ஆசிரியர் தொட, அவர் தம் பாத்திரத்தின் உள்ளக்குரலை ஒரு வாக்கியத்திற் கூறுவார். மூன்றாவது காட்சிக்கும் நான்காவது காட்சிக்குமிடையே சுற்றிநிற்போரின் உடல்கள் மாறுவதை மாணவர் தாமே காண்பர். மறுத்தபோது ஓங்கிய கை, ஒப்புக்கொண்டதும் ஆதரவாக நீள்கின்றது. அக்கூட்டத்தில் அதிகாரம் மிகக் குறைந்தவளே இம்முறையின் விதியை முதலிற் கற்றுக்கொள்கிறாள் என்பது நூலில் எங்கும் எழுதப்படாத, ஆனால் காட்சியிற் புலப்படும் உண்மையாகும்.

நீதிமன்றம்

மூன்றாம் அங்கத்தில், தம் வலிப்பு நடிப்பே என ஒப்புக்கொண்ட மேரி வொறனிடம் இப்போது மயங்கிவிழுந்து காட்டுமாறு கேட்கப்படுகின்றது. அவளால் இயலவில்லை. பின்னர் ஏனைய பெண்கள் அவளையே குற்றஞ்சாட்ட, அவள் புறொக்டருக்கு எதிராகத் திரும்புகின்றாள். இவளைக் கோழை எனக் கூறுவது எளிது. மாணவர் ஒருவர் மேரியாக நடுவில் நிற்க, ஏனையோர் அவர் கூறும் ஒவ்வொரு சொல்லையும் ஒரே குரலில் திருப்பிக் கூறட்டும். ஒரு நிமிடம் போதும். தனிக்குரல் ஒன்று கூட்டுக்குரலின்முன் எவ்வளவு விரைவில் தன் உறுதியை இழக்கின்றதென்பது தெளிவாகிவிடும்.

நீதிபதி டன்போர்த்தை வினா இருக்கையில் அமர்த்துவதும் பயனுடையது. அப்பாத்திரமேற்கும் மாணவர், தாம் கொடியவர் அல்லர், சட்டப்படி நடப்பவரே என வாதாடவேண்டும். வகுப்பினர் வினவுவர். டன்போர்த்தின் தருக்கம் உள்முரண் அற்றது என்பதை அவர்கள் விரைவில் உணர்வர். குற்றம் கண்ணுக்குத் தெரியாததாயின், பாதிக்கப்பட்டவரின் வாக்கே ஒரே சாட்சி. அவ்வாக்கை ஐயுறின் ஏற்கெனவே தூக்கிலிடப்பட்டோரின் குருதிக்கு நீதிமன்றம் பொறுப்பாகிவிடும். பிழையை ஒப்புக்கொள்ள இயலாத நிறுவனம் பிழையைத் தொடர்ந்தே ஆகவேண்டும். தனிமனித வன்மத்தால் விளக்க முடியாத இந்நிலையே மில்லரின் அரசியல் விமர்சனத்தின் கூர்முனை எனலாம்.

இப்பாத்திரத்தை ஆசிரியரே ஏற்பது விரும்பத்தக்கதன்று. வகுப்பில் ஏற்கெனவே அதிகாரமுடையவர் அவர். மாணவர் பணிவது நீதிபதிக்கா ஆசிரியருக்கா என்பது மயங்கிவிடும். நீதிமன்ற எழுதுவினைஞர் போன்ற இடைநிலைப் பாத்திரம் ஆசிரியருக்குப் பொருந்தும். 'இதனைப் பதிவேட்டில் எவ்வாறு எழுதுவது?' என அவர் கேட்கும் ஒவ்வொரு முறையும், தாம் கூறியதன் பொருளை வகுப்பினர் மீள எண்ணிப்பார்க்க நேரும்.

மனச்சாட்சி ஒழுங்கை

இறுதி அங்கத்திற் புறொக்டர் ஒப்புதலிற் கையொப்பமிட்டு, பின்னர் அதனைக் கிழிக்கின்றார். வகுப்பினர் இரு வரிசையாக எதிரெதிரே நிற்க, புறொக்டராகும் மாணவர் நடுவே மெல்ல நடந்துசெல்வார். ஒரு புறத்தார் கையொப்பமிடத் தூண்டுவர், மறுபுறத்தார் தடுப்பர். கருவுற்ற மனைவி, பிள்ளைகள், தூக்குக்குக் காத்திருக்கும் ரெபெக்கா நேர்ஸ், கதவில் அறையப்படவிருக்கும் காகிதம் என யாவும் அவ்வொழுங்கையிற் குரல்பெறும்.

ஆயினும் இங்கு நிறுத்திவிடின் நாடகம் ஒரு தனிவீரனின் கதையாகவே எஞ்சும். புறொக்டரின் மறுப்பு அவரது பெயரைக் காத்ததேயன்றி உயிர்களைக் காக்கவில்லை. எனவே அடுத்த படியாக, நாடகத்தில் அதிகம் பேசாத மனிதரை வகுப்பினர் ஏற்கவேண்டும்: சிறைக்காவலர், விலங்கு செய்த கொல்லர், ரெபெக்காவுக்கு ஆதரவாகக் கையொப்பமிட்டதாற் கைதாணை பெற்ற ஊரவர், கையொப்பமிடாது வீட்டிலிருந்த ஊரவர். 'எந்த நாளில், எத்தனைபேர், எதனைச் செய்ய மறுத்திருந்தால் இது நின்றிருக்கும்?' என்ற வினாவுக்கு அவர்கள் விடைதேடட்டும். ஆவியுருச் சாட்சியம் பின்னர் ஒதுக்கப்பட்டதும் 1693இன் வழக்குகளிற் பெரும்பாலானோர் விடுதலையாயினர் என்ற வரலாற்றுண்மையை அவ்விடத்தில் முன்வைத்தல் தகும். மக்களின் நம்பிக்கை ஓரிரு மாதங்களில் மாறிவிடவில்லை; விசாரணை விதியே மாறியது.

எல்லைகள்

ஒரு மணிநேரம் மேரி வொறனாக நின்ற மாணவர், தூக்குமரத்தின் அச்சத்தை அறிந்துவிட்டதாக எண்ணுவது பேதைமை. ரிற்றூபாவின் அடிமைநிலை எந்தப் பயிற்சியாலும் அனுபவமாகிவிடாது. அன்றியும், தமக்குப் பிடிக்காத ஒவ்வொரு விசாரணையையும் 'சூனிய வேட்டை' எனக் கூறிவிடும் பழக்கத்துக்கு இம்முறை துணைபோகக் கூடாது. உண்மையான குற்றம் செய்த வல்லோரும் அத்தொடரின் பின்னே ஒளிந்துகொள்வதுண்டு. சாட்சியத்தை மறுக்க வழியுண்டா, மறுப்பே குற்றமாகின்றதா, பெயர் கூறுவது விடுதலையின் விலையா என்ற மூன்று அளவுகோல்களையும் மாணவர் கைக்கொள்ளின், வேறுபாட்டைத் தாமே காண்பர். நடிப்புக்குச் செலவிட்ட அளவு நேரமாவது உரையாடலுக்கு ஒதுக்கப்படாதவிடத்து எஞ்சுவது கிளர்ச்சி மாத்திரமே.

இறுதியாக ஒரு செய்தி. 1693இற் குற்றவாளியாகக் காணப்பட்டு மரணதண்டனை விதிக்கப்பட்ட, எனினும் ஆளுநரின் தலையீட்டால் உயிர்தப்பிய எலிசபெத் ஜோன்சன் என்னும் அன்டோவர்ப் பெண்ணின் பெயர், பிற்காலத்தில் நிறைவேறிய விடுவிப்புச் சட்டங்கள் அனைத்திலும் விடுபட்டுப் போயிற்று. வட அன்டோவரைச் சேர்ந்த எட்டாம் வகுப்பு மாணவர், தம் குடியியற் பாடத்தின் ஒரு பகுதியாக அவ்வழக்கை ஆராய்ந்து சட்டமன்றத்தை அணுகினர். 2022இல், 329 ஆண்டுகளின் பின்னர், அவள் குற்றமற்றவளெனச் சட்டப்படி அறிவிக்கப்பட்டாள். அம்மாணவர் நாடகம் நடிக்கவில்லை. ஆனால் ஒரு பதிவேட்டை எடுத்து, 'இது யாரால், எவ்வாறு எழுதப்பட்டது?' என வினவினர். வகுப்பறை அரங்கு மாணவரிடம் வளர்க்கவேண்டிய வினாவும் அதுவேயாகும்.