பாஷை கற்பிப்போரும் பாடம் வகுப்போரும்

தச்சு வேலை பழகுகிறவனுக்கு உளி பிடிக்க மட்டுமா கற்றுக்கொடுக்கிறார்கள்? மரத்தின் குணம் அறியவும், அளவு குறிக்கவும் சேர்த்தே கற்றுக்கொடுக்கிறார்கள். அந்நிய பாஷை கற்பிக்கப்போகும் உபாத்தியாயருக்கோ, பிறர் தயாரித்த புத்தகத்தை வகுப்பில் நடத்தும் முறையை மட்டுமே பெரும்பாலும் சொல்லிக்கொடுத்து அனுப்பிவிடுகிறோம். எந்தச் சொல்லை முதலில் கற்பிப்பது, எதை ஒத்திப்போடுவது, எதை அடியோடு விட்டுவிடுவது என்ற கேள்விகளுக்கு வேறு யாரோ எங்கோ உட்கார்ந்து விடை எழுதிவிடுகிறார்கள்.

இக்கேள்விகள் அற்பமானவை அல்ல. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாரத்துக்கு 5 பாடவேளை வீதம் 40 வாரங்கள் பள்ளி நடந்தால் வருஷத்துக்கு 200 பாடவேளைகள் ஆகின்றன. அவற்றில் பாதி, பழைய பாடத்தைத் திருப்புவதற்கும் பரீட்சைக்கும் போய்விடும். மிச்சமுள்ள ஒவ்வொன்றிலும் 5 புதிய சொற்கள் மனத்தில் பதிவதாக வைத்துக்கொண்டாலும், வருஷத்துக்கு 500 சொற்களே தேறும். ஆறு வருஷத்தில் 3,000. இங்கிலீஷ் அகராதியிலோ லட்சக்கணக்கான சொற்கள்! எந்த 3,000 என்பதைப் பொறுத்தே மாணாக்கனுடைய ஆறு வருஷப் பிரயாசை பயன்படுவதும் வீணாவதும் இருக்கிறது.

இந்த உண்மையை நன்கு உணர்ந்தவர் மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர். டாக்கா உபாத்தியாயர் பயிற்சிக் கல்லூரியின் தலைவராயிருந்த அவர், வங்காளத்துப் பிள்ளைகளில் மிகப் பலர் படிப்பை முடிக்காமலே நின்றுவிடுவதைக் கண்டார். இன்ஷ்யூரன்ஸை நடுவில் நிறுத்தினாலும் கொஞ்சம் பணம் கைக்கு வருவதுபோல், படிப்பை நடுவில் விட்டவனுக்கும் ஏதாவது ஒரு பயன் மிஞ்ச வேண்டும் அல்லவா? படித்துப் புரிந்துகொள்ளும் சக்தியே அத்தகைய பயன் என்பது அவர் முடிபு. தமது ஆராய்ச்சியை 1926-ல் நூலாக வெளியிட்டார். அபூர்வச் சொற்களைத் தள்ளி, புதிய சொற்களை இடைவெளி விட்டுப் புகுத்தி, அவை அடிக்கடி திரும்பி வருமாறு வாசக புத்தகங்களை எழுதினார். 1953-ல் அவர் வெளியிட்ட புகழ்பெற்ற பட்டியலில் சுமார் 2,000 சொற்களே இருந்தன.

ஏறக்குறைய அதே காலத்தில் ஹெரால்டு பாமர் என்பவர் ஜப்பானுக்குச் சென்றார். 1923-ல் டோக்கியோவில் இங்கிலீஷ் போதனைக்கென்று ஓர் ஆராய்ச்சி ஸ்தாபனம் அமைந்தது. அவரே அதன் தலைவர். அவர் முதலிடம் கொடுத்தது படிப்புக்கு அல்ல, பேச்சுக்கு. பாஷை ஒன்றே, ஆயினும் இடமும் நோக்கமும் வேறாகும்போது பாடமும் வேறாகிறது.

நமது சென்னை ராஜ்யத்திலும் பெரியதொரு முயற்சி நடந்தது. 1950-களின் இறுதியில், ஆரம்ப வகுப்புகளில் இங்கிலீஷ் கற்பிக்கும் 27,000 உபாத்தியாயர்களுக்குப் புதிய முறையைப் புகட்டத் திட்டமிட்டார்கள். முதலில் பயின்ற சிலர் பலருக்கும், அவர்கள் இன்னும் பலருக்கும் கற்பிப்பது என்பது ஏற்பாடு. வேகத்துக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால், ஓரிடத்தில் வகுத்த பாடம் கைமாறிச் செல்லும்போது அதன் காரணம் கரைந்து சடங்கு மட்டும் மிஞ்சுவது உலக இயல்பு.

பின்னர் 1979-ல் ஸ்ரீ என். எஸ். பிரபு தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் நேர்மாறான சோதனை ஒன்றைத் தொடங்கினார். சொற்பட்டியலும் இல்லை, இலக்கண வரிசையும் இல்லை. ரயில் கால அட்டவணை, ஊர்ப்படம் முதலியவற்றைக் கொடுத்து, "இந்த வண்டியை விட்டால் எப்போது ஊர் சேரலாம்?" என்பது போன்ற கேள்விகளுக்கு மாணாக்கர்களை விடை காணச் செய்தார்கள். சிந்தனை விடையில் இருக்க, பாஷை தானே வந்து ஒட்டிக்கொள்ளும் என்பது கருத்து. ஐந்து வருஷம் நடந்த இச்சோதனையில் வேலைகளைப் புதிது புதிதாகச் சிருஷ்டிக்க வேண்டியிருந்தது. தாம் செய்வது ஏன் பலிக்கிறது என்ற உணர்வு உபாத்தியாயருக்கு உயிரோடு இருக்க வேண்டும் என்று பிரபு பிற்காலத்தில் வற்புறுத்தினார்.

வெஸ்ட் சொன்னது சரியா, பிரபு சொன்னது சரியா என்று தீர்ப்புச் சொல்வது இங்கே நோக்கமன்று. இருவருடைய வழியையும் சீர்தூக்கிப் பார்க்கும் திறமை நம் உபாத்தியாயருக்கு வேண்டும். அதற்குப் பயிற்சிக் காலத்திலேயே ஒவ்வொருவரும் ஒரு சிறு பாடத்திட்டம் வகுக்கட்டும். இன்ன ஊர், இன்ன வகுப்பு, இத்தனை மணி நேரம் என்று குறித்துக்கொள்ளட்டும். பஸ் டிக்கட்டு, மருந்துச் சீட்டு, கடை விளம்பரம் ஆகியவற்றிலிருந்து பாடம் தயாரித்து, அதை வகுப்பில் நடத்திப் பார்த்து, தவறியதைத் திருத்தி மறுபடியும் எழுதட்டும்.

"சர்க்கார் பாடப் புத்தகம் இருக்கிறதே, பரீட்சை இருக்கிறதே, இதெல்லாம் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். எந்தப் புத்தகமும் எல்லா வகுப்புக்கும் அளவெடுத்துத் தைத்த சட்டை ஆகாது. எங்கே பிடிக்க வேண்டும், எங்கே தளர்த்த வேண்டும் என்று அறிய, வெட்டித் தைக்கத் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கைத்திறனை உபாத்தியாயருக்கு அளிக்காமல், மாணாக்கனுக்கு இங்கிலீஷ் வரவில்லையே என்று குறைப்படுவதில் நியாயம் இல்லை.