குளிர்காற்றைத் தாங்கும் சிறு கப்பி

நாகபுரி வேனில் நம்மவர்க்குப் புதிதன்று. சித்திரை பிறந்துவிட்டால், ஆரஞ்சுப் பழத்திற்குப் பேர்போன இந்நகரம் செங்கற்சூளையாக மாறிவிடும். வெப்பமானி 44, 45 பாகைகளைத் தொடும் நாட்களில், காவிரிக் கரையிலிருந்தும் பொருநைக் கரையிலிருந்தும் பிழைப்பு நாடி வந்த நம் குடும்பங்கள் படும் பாடு சொல்லுந்தரமன்று. இன்று நம்மவர் பலர் இல்லத்து வாயிலில் ஒரு சிறு கார் நிற்கிறது. அதனுள் குளிர்சாதனமும் இருக்கிறது. அந்தக் குளிர்சாதனம் உள்ளங்கையளவே உள்ள ஒரு கப்பியை நம்பி ஓடுகிறது என்பதைச் சென்ற வேனிலில் நாம் பட்டு அறிந்தோம். அதனை அன்பர்கள் படாமலே அறிந்துகொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் பொறியியல் பயின்றவரல்லோம். பள்ளியிறுதித் தேர்வோடு கல்வியை முடித்துக்கொண்டு, இரயில்வேயில் எழுத்தராக அமர்ந்தவர்கள். பெட்டிகளைப் பழுதுபார்க்கும் பணிமனையின் பண்டகசாலையில், வந்த பொருளையும் போன பொருளையும் பேரேட்டில் பதிவதே நம் அலுவல். ‘பெல்ட்’ என்ற சொல்லையும் ‘டென்ஷன் ஸ்பிரிங்’ என்ற சொல்லையும் பத்தாண்டுகளாக எழுதி வந்திருக்கிறோம். அவை எதற்காக என்று ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. அதற்கு உரிய தண்டனை நெடுஞ்சாலையில் கிடைத்தது.

நிகழ்ந்தது இது. நம்மிடம் உள்ளது பிறர் ஓட்டி விற்ற பழைய சிறு கார். சென்ற கார்த்திகையில் அதன் குளிர்சாதன பெல்ட்டில் வெடிப்புகள் தோன்றின. பட்டறைக்குக் கொண்டு சென்றோம். அங்கிருந்த முதிய மிஸ்திரி பெல்ட்டைக் கழற்றிவிட்டு, அருகிலிருந்த கப்பியைச் சுழற்றிக் காதைச் சாய்த்துக் கேட்டார். “பாபுஜி, இஸ்மே பீ ஆவாஜ் ஹை” என்றார். கப்பியிலும் ஓசை இருக்கிறது, சேர்த்து மாற்றிவிடலாம் என்பது அவர் கருத்து. அதற்கு ஏறத்தாழ எழுநூறு ரூபாய் கூடுதலாகும். பிள்ளையின் பள்ளிக் கட்டணம் நினைவுக்கு வந்தது. “ஓசைதானே, இருந்துவிட்டுப் போகட்டும்” என்று கூறி, பெல்ட்டை மட்டும் மாற்றிக்கொண்டு வந்துவிட்டோம்.

வைகாசியில் கும்பகோணத்திலிருந்து நம் தாயார் வந்திருந்தார். காந்தியடிகள் வாழ்ந்த சேவாகிராமத்தைக் காண வேண்டும் என்பது அவருக்கு நெடுநாள் ஆவல். ஒரு ஞாயிறன்று தாயாரையும் மனைவியையும் ஆறு வயது மகளையும் ஏற்றிக்கொண்டு வார்தா சாலையில் புறப்பட்டோம். புட்டிபோரியைக் கடந்த சிறிது நேரத்தில் முன்புறம் கீச்சென்று ஓசை எழுந்தது; பின் அரைப்பது போன்ற உறுமல்; பின் சாட்டை அடித்தாற்போல் ஒரு சத்தம். அதனோடு ஓசை ஓய்ந்தது. குளிர்காற்றும் ஓய்ந்தது. கண்ணாடிகளை இறக்கினால் உலைக்களத்துக் காற்று முகத்தில் அறைந்தது. கால் மணி நேரத்தில் தாயார் முகம் வெளுத்து, “தம்பி, தலை சுற்றுகிறதடா” என்றார். சாலையோரத் தேநீர்க்கடை ஒன்றின் வேப்பமர நிழலில் அவரைக் கிடத்தி, ஈரத்துணியால் துடைத்து, உப்பும் சர்க்கரையும் கலந்த எலுமிச்சை நீரைச் சிறிது சிறிதாகக் கொடுத்தோம். ஒரு மணி நேரம் கழித்தே அவர் எழுந்து அமர்ந்தார். அன்று சேவாகிராமம் காணவில்லை. பொழுது சாய்ந்தபின் வீடு திரும்பினோம். எழுநூறு ரூபாயை மிச்சப்படுத்தியவர் முகத்தை அன்றிரவு கண்ணாடியில் காண நமக்கே நாணமாயிருந்தது.

மறுநாள் வேறொரு பட்டறையில் காட்டினோம். “கம்ப்ரசர் இறுகிவிட்டது, முழுவதும் மாற்ற வேண்டும், பதினெட்டாயிரம் ஆகும்” என்றார்கள். இரண்டு திங்கள் சேமிப்பு அது. மனம் ஒப்பாமல், நம் குடியிருப்பிலேயே வாழும் அரக்கோணத்து அன்பர் ஒருவரிடம் முறையிட்டோம். அவர் பணிமனையில் பிட்டராகப் பணியாற்றுபவர். நமக்கு அண்ணன் முறை கொண்டாடுபவர். அவர் கேட்ட முதற்கேள்வி இது: “தம்பி, பேரேட்டில் ஆயிரம் பெல்ட் வரவு வைத்திருப்பீர்களே, ஒன்றையாவது ஓடுகிற இடத்தில் போய்ப் பார்த்ததுண்டா?” நாம் தலைகுனிந்தோம். பின்பு அவர் காட்டியதையே ஈண்டு எழுதுகிறோம்.

காரின் குளிர்சாதனத்துக்கு உயிர் கம்ப்ரசர். குளிர்வாயுவை அழுத்திச் சுற்றவிடுவது அதுவே. அதற்குத் தனி எஞ்சின் கிடையாது. காரின் எஞ்சின் சுழலும்போது, அதன் முனையிலுள்ள கப்பி ஒரு பெல்ட்டை இழுக்கிறது. அந்தப் பெல்ட் கம்ப்ரசரின் கப்பியைச் சுழற்றுகிறது. பெல்ட் தளர்ந்தால் வழுக்கும். வழுக்கினால் சூடேறிக் கீச்சிடும். அதன் முகம் மெருகேறிப் பிடிப்பை இழக்கும். அளவுக்கு மீறி இறுகினாலோ கப்பிகளின் பேரிங்குகள் விரைவில் தேயும். இவ்விரண்டுக்கும் நடுவில் பெல்ட்டை நிறுத்தி வைக்கும் உறுப்பே டென்ஷனர். வீணையின் தந்திக்கு முறுக்காணி எப்படியோ, பெல்ட்டுக்கு டென்ஷனர் அப்படி.

கார்களில் குளிர்சாதனம் வந்த வரலாறே பெல்ட்டோடு பிணைந்தது. 1939-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாக்கார்டு நிறுவனம் குளிர்சாதனம் பொருத்திய காரை மக்கள் முன் வைத்தது. குளிர் போதும் என்று தோன்றினால் கம்ப்ரசரை நிறுத்த அதில் விசை இல்லை. எஞ்சினை நிறுத்தி, முன்மூடியைத் திறந்து, பெல்ட்டையே கழற்றி வைக்க வேண்டியிருந்ததாம்! பின்னர் மின்காந்தக் கிளட்ச் வந்தது. இன்று நாம் பொத்தானை அழுத்தும்போது அந்தக் கிளட்ச்தான் கம்ப்ரசரைக் கப்பியோடு பிணைக்கிறது. பொத்தானை அழுத்தாதபோது கப்பி மட்டும் வெறுமனே சுழலும்.

இதனை அறிந்துகொண்டால் ஓசையைக் கொண்டே நோயை ஓரளவு அறியலாம். குளிர்சாதனத்தை முடுக்கிய கணத்தில் மட்டும் கீச்சென்ற ஓசை எழுந்தால், பெரும்பாலும் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது. குளிர்சாதனத்தை நிறுத்திய பின்னும் எஞ்சின் ஓடும்வரை உறுமலோ அரைக்கும் ஓசையோ நீடித்தால், கப்பி ஒன்றின் பேரிங்கை ஐயுற வேண்டும். ஏனெனில், பெல்ட் ஓடும்வரை டென்ஷனர் கப்பிக்கு ஓய்வே இல்லை. எந்தக் கப்பி என்று உறுதி செய்ய, எஞ்சினை நிறுத்திப் பெல்ட்டைக் கழற்றி, ஒவ்வொன்றையும் கையால் சுழற்ற வேண்டும். நல்ல கப்பி ஓசையின்றி வழவழவென்று சுழலும். கெட்டது கரகரக்கும், ஆடும், அல்லது சுழலவே மறுக்கும்.

நம் அண்ணன் அவ்வாறே செய்தார். கம்ப்ரசரின் முன்தட்டைக் கையால் திருப்பினார். அது தடையின்றித் திரும்பியது. டென்ஷனர் கப்பியைத் திருப்பினார், அசையவில்லை. பேரிங் வெந்து நீலம் பாரித்திருந்தது. “இறுகியது கம்ப்ரசர் இல்லை தம்பி, இதுதான். இது நின்றதால் புதிய பெல்ட் உராய்ந்து அறுந்தது” என்றார். பதினெட்டாயிரம் ரூபாய்ச் சுமை அந்த நொடியில் நம் தோளைவிட்டு இறங்கியது.

புதிய கப்பியையும் பெல்ட்டையும் வாங்கிவந்து அடுத்த ஞாயிறு காலையில் பணியைத் தொடங்கினோம். எஞ்சின் நன்கு ஆறியிருக்க வேண்டும் என்பதும், சாவி வண்டியில் இருத்தலாகாது என்பதும் அவர் இட்ட முதற்கட்டளைகள். பாட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றினோம். வண்டியைத் தூக்கியபின் ஜாக்கியை மட்டும் நம்பாமல் உறுதியான தாங்கியை அடியில் வைத்து, பக்கவாட்டில் கை நுழையும்படி முன்சக்கரத்தையும் அதன் உட்புறத் தடுப்பையும் அகற்றினோம். பெல்ட் எந்தக் கப்பியின்மீது எப்படி ஓடுகிறது என்பதை ஒரு தாளில் வரைந்துகொண்டோம். இது எழுத்தர் வேலையாதலால் நமக்கே அளிக்கப்பட்டது!

நம் வண்டியில் உள்ளது கையால் முறுக்கும் வகை டென்ஷனர். கப்பியின் நடுவே ஒரு பூட்டு நட். அதனை அடுத்து நீண்ட சரிசெய் போல்ட். முதலில் நட்டைத் தளர்த்திப் பின்னரே போல்ட்டைத் திருப்ப வேண்டும். முறை மாறினால் போல்ட்டின் மரை கெடும். பழைய கப்பியைக் கழற்றிப் புதியதோடு அருகருகே வைத்து, விட்டமும் அகலமும் உயரமும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்தபின் பொருத்தினோம். பெல்ட்டின் ஒவ்வொரு வரியும் அதற்குரிய பள்ளத்தில் அமர்ந்ததா என்று விரலால் தடவிப் பார்த்தோம். ஒரு வரி விலகி அமர்ந்தாலும் பெல்ட் விரைவில் கிழிந்துபோகும். பின் போல்ட்டை முறுக்கி, இரு கப்பிகளுக்கு நடுவே பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தி, அது உள்வாங்கும் அளவைக் கண்டு நட்டைப் பூட்டினோம். அவ்வளவு வண்டிக்கு வண்டி வேறுபடும். வண்டியோடு வரும் கையேட்டில் உள்ளதையே கொள்ளல் வேண்டும். சில நிமிடம் எஞ்சினை ஓட்டி நிறுத்தி மீண்டும் அழுத்திப் பார்த்தோம். புதிய பெல்ட் சிறிது நீளுமாதலால் ஒரு வாரத்திற்குப்பின் மறுபடியும் பார்த்தோம். இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்தது. செலவு ஆயிரத்து அறுநூறு ரூபாய்.

இதில் அன்பர்கள் நினைவில் கொள்ளத்தக்கவை சில உள. டென்ஷனரை மாற்றுவதற்குக் குளிர்வாயுவை வெளியேற்றத் தேவையில்லை. வாயுக் குழாய்கள் எவற்றையும் இவ்வேலையில் கழற்றுவதில்லை. வாயு நிரப்பவும் பணம் கேட்கப்பட்டால், காரணம் என்னவென்று பணிவுடன் கேட்கலாம். அடுத்தது, தானே இறுக்கிக்கொள்ளும் ஸ்பிரிங் டென்ஷனர் உள்ள வண்டிகள் இன்று பல. அந்த ஸ்பிரிங்கின் விசை பெரிது. ஸ்பானர் நழுவினால் விரல் நசுங்கும். பழகாதவர் அதில் கை வைத்தலாகாது.

மூன்றாவது, மிகவும் முதன்மையானது. நம் வண்டியில் குளிர்சாதனத்துக்குத் தனிப் பெல்ட். ஆதலால் அது அறுந்தும் எஞ்சின் ஓடியது. வேறு பல வண்டிகளில் ஒரே நீண்ட பெல்ட் கம்ப்ரசரையும், மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரையும், சிலவற்றில் எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்ப் பம்பையும் சேர்த்தே சுழற்றுகிறது. அத்தகைய வண்டியில் ஒரு கப்பி நின்றால் எஞ்சினே கொதித்துப் போகலாம். பெல்ட் அறுந்து எச்சரிக்கை விளக்கு எரிந்தாலோ, வெப்பமுள் ஏறினாலோ, “இன்னும் பத்து மைல்தானே” என்று ஓட்டாமல் நிறுத்திவிடுவதே அறிவுடைமை. மின்சாரக் கார் வைத்திருப்போர்க்கு இக்கவலை இல்லை. அவற்றின் கம்ப்ரசர் மின்மோட்டாரால் இயங்குவது.

வேலை முடிந்து கை கழுவும்போது அண்ணன் சொன்னார்: “நாளைக்கு மதியம் பிட் லைனுக்கு வாருங்கள் தம்பி, ஒன்று காட்டுகிறேன்.” சென்றோம். பெரம்பூர் ஐ.சி.எப். தொழிற்சாலை 1955-இல் தொடங்கி 2018 சனவரி வரை கட்டிய பழைய வகைப் பெட்டிகளுள் குளிர்சாதனப் பெட்டி ஒன்று அங்கு நின்றது. அடியில் குனிந்து பார்த்தோம். சக்கர அச்சில் ஒரு கப்பி. அதிலிருந்து பல பெல்ட்டுகள் மேலேறி ஆல்டர்னேட்டரைச் சுழற்றுகின்றன. அவற்றை இறுக்கிப் பிடித்தபடி ஒரு ஸ்பிரிங். வண்டி ஓட ஓட விளக்கும் குளிரும் பிறந்தது இதனால்தான். எழும்பூருக்கும் மதுரைக்கும் நாம் குளிரக் குளிர உறங்கிச் சென்ற இரவுகள் எத்தனை! அத்தனையும் நாம் பேரேட்டில் எண்ணிக்கை மட்டும் எழுதிய அந்தப் பொருளின் புண்ணியம்.

இவ்வாண்டும் வேனில் வருகிறது. முதியோரும் குழந்தைகளும் ஏறும் வண்டியானால், மாசி முடிவதற்குள் ஒருமுறை முன்மூடியைத் திறந்து காது கொடுத்துக் கேளுங்கள். பெல்ட் மாற்றும் நாளில் டென்ஷனரையும் கையால் சுழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். மிஸ்திரி ஓசை இருக்கிறது என்றால், அவர் பேசும் மொழி நம் மொழி அன்றாயினும், அச்சொல்லைத் தட்டாதீர்கள். நம் தாயார் தைப் பொங்கலுக்கு மீண்டும் வந்திருந்தார். சேவாகிராமம் கண்டு திரும்பினோம். வழியில் புட்டிபோரி வந்தபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடி வழியே அந்த வேப்பமரத்தை மட்டும் திரும்பிப் பார்த்தார். நாமும் பார்த்தோம்.