பேராக்கின் 2018 காற்பந்துப் பருவம்

மலேசியாவின் முதல்நிலைக் காற்பந்துப் போட்டியான சூப்பர் லீக் 2004-இல் தொடங்கியது. 2018-ஆம் ஆண்டுப் பருவத்தில் 12 அணிகள் களமிறங்கின. ஒவ்வோர் அணியும் மற்ற 11 அணிகளையும் சொந்தத் திடலில் ஒருமுறை, எதிரணியின் திடலில் ஒருமுறை என மொத்தம் 22 ஆட்டங்களில் சந்தித்தது. வெற்றிக்கு 3 புள்ளிகள், சமநிலைக்கு 1 புள்ளி. கடைசி இரு இடங்களைப் பிடித்த கிளந்தானும் நெகிரி செம்பிலானும் கீழ்நிலை லீக்கிற்கு இறங்கின.

ஜொகூர் டாருல் தாக்சிம் அணி தொடர்ந்து ஐந்தாவது முறையாக வாகை சூடியது. ஈப்போவைத் தளமாகக் கொண்ட பேராக் அணிக்கு இரண்டாம் இடம். ‘செலாடாங்’, அதாவது காட்டெருமை என்ற பட்டப்பெயர் கொண்ட இந்த அணிக்கு மெஹ்மெட் டுராகோவிச் பயிற்றுநராக இருந்தார். தமிழ் ஆட்டக்காரர்களான கென்னி பால்ராஜும் பார்த்திபனும் அணியில் இடம்பெற்றிருந்தனர்.

லீக் முடிந்ததும் மலேசியக் கிண்ணப் போட்டி தொடர்ந்தது. அக்டோபர் 27 அன்று ஷா ஆலாம் அரங்கில் நடந்த இறுதியாட்டத்தில் பேராக்கும் திரங்கானுவும் 3-3 எனச் சமநிலை கண்டன. பினால்டியில் பேராக் 4-1 என வென்றது. 2000-க்குப் பிறகு, 18 ஆண்டுகள் கழித்துக் கிண்ணம் பேராக் மாநிலத்துக்கு வந்தது.

அடுத்த ஆண்டு ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் ஹாங்காங்கின் கிட்சி அணியைப் பேராக் பினால்டியில் வீழ்த்தியது. பின்னர் தென்கொரியாவின் உல்சானிடம் 1-5 எனத் தோற்று வெளியேறியது.