தட்டை மீறும் ரோஸ்ட்: சினிமா அகல டிவி எப்படி இயங்குகிறது?

புதுப்படம் ஓடிடியில் வந்த அன்று வீட்டில் எழும் முதல் கேள்வி கதையைப் பற்றியதாக இருக்காது. "இவ்வளவு பெரிய டிவி வாங்கியும் மேலேயும் கீழேயும் ஏன் கறுப்பா கிடக்கு?" என்பதாகத்தான் இருக்கும். பிறகு யாராவது ரிமோட்டை எடுத்து ஜூம் பண்ணுவார்கள். கறுப்பு போகும், கூடவே ஓரத்தில் நின்ற வில்லனும் போய்விடுவான்.

ஹோட்டலில் பேப்பர் ரோஸ்ட் வருகிற அழகை நினைத்துக்கொள்ளுங்கள். தட்டு ஒரு சாண் என்றால் ரோஸ்ட் மூன்று சாண். இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். சினிமாதான் அந்த ரோஸ்ட். நம் வீட்டு டிவிதான் அந்தத் தட்டு.

ரோஸ்ட் இப்படித் தட்டை மீறியது தற்செயல் அல்ல, வேண்டுமென்றே செய்தது. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்கர்கள் வீட்டு டிவியோடு உட்கார்ந்துவிட, தியேட்டர்கள் காற்றாடின. வீட்டில் கிடைக்காத ஒன்றைக் காட்டினால்தான் கூட்டம் திரும்பும் என்று ஃபாக்ஸ் நிறுவனம் 1953இல் 'தி ரோப்' படத்தோடு சினிமாஸ்கோப்பைக் கொண்டுவந்தது. உயரத்தைப் போல இரண்டரை மடங்கு அகலம். படச்சுருள் என்னவோ பழைய 35 மி.மீ. சுருள்தான். ஆன்ரி கிரெத்தியன் என்ற பிரெஞ்சுக்காரர் உருவாக்கிய அனமார்ஃபிக் லென்ஸ், கேமராவில் காட்சியைப் பக்கவாட்டில் பாதியாக நெருக்கிச் சுருளில் பதித்தது. தியேட்டர் புரொஜெக்டரில் இருந்த எதிர் லென்ஸ் அதை விரித்தது. பேப்பர் ரோஸ்டை மடித்துப் பார்சல் கட்டி, இலையில் பிரித்துப் போடுவது மாதிரி. (மடித்தால் தோசைக்குக் கோடு விழும், லென்ஸ் நெருக்கினால் விழாது. உவமை இங்கே கொஞ்சம் நொண்டுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.) தமிழுக்கு இந்த அகலம் வர இருபது வருஷம் ஆனது: 1973இல் ஏ.பி. நாகராஜனின் 'ராஜராஜ சோழன்'. இன்று நம் படங்களில் பெரும்பாலானவை இந்த அகலத்தில்தான் எடுக்கப்படுகின்றன. விகிதம் மட்டும் 2.39க்கு 1 என்று நிலைத்திருக்கிறது.

பழைய டிவித் தட்டு 4:3, கிட்டத்தட்ட சதுரம். அதில் ஸ்கோப் படத்தைப் போட ஸ்டூடியோக்கள் கையாண்ட வழி முரட்டுத்தனமானது. ரோஸ்டின் இரண்டு ஓரத்தையும் பிய்த்து எறிந்துவிட்டு, நடுப்பகுதியை மட்டும் பரிமாறினார்கள். இரண்டு பேர் எதிரெதிரே நின்று பேசும் காட்சியில் ஒரு மூக்கும் இன்னொரு மூக்கும் தெரியும், நடுவில் சுவர் தெரியும்.

அடுத்து வந்த 16:9 தட்டு ஒரு சமரசம். 1980களில் அமெரிக்கத் திரைப் பொறியாளர் சங்கத்தைச் சேர்ந்த கெர்ன்ஸ் பவர்ஸ், புழக்கத்தில் இருந்த விகிதங்களையெல்லாம் ஒரே பரப்பளவுள்ள செவ்வகங்களாக வரைந்து, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார். எல்லாவற்றையும் அடக்கும் வெளிச்சட்டமும், எல்லாவற்றுக்கும் பொதுவான உள்சட்டமும் ஒரே வடிவத்தில் வந்தன. அதுதான் 16:9. எதற்கும் மோசமாகப் பொருந்தாது, எதற்கும் முழுசாகவும் பொருந்தாது. பொறியாளர்கள் மனசுக்குப் பிடித்த முடிவு.

இந்தத் தட்டில் ரோஸ்டைப் பிய்க்காமல் வைக்க ஒரே வழி, நீளம் தட்டுக்குள் அடங்கும்படி சின்னதாக வார்ப்பது. அப்போது மேலேயும் கீழேயும் வெறும் தட்டு தெரியும். புளூ-ரே வட்டின் சட்டகத்தில் 1920 நெடுவரிசை, 1080 கிடைவரிசைப் புள்ளிகள். ஸ்கோப் படம் அதில் 800 வரிசையோடு நின்றுவிடுகிறது. மீதி 280 வரிசையிலும் இருப்பது கறுப்பு மட்டுமே. காசு கொடுத்து வாங்கிய கண்ணாடியில் கால்வாசி சும்மா கிடக்கிறது.

அப்படியானால் தட்டையே நீளமாகச் செய்தால் என்ன? 2009இல் ஃபிலிப்ஸ் அதைச் செய்தது. 'சினிமா 21:9' என்ற 56 இன்ச் டிவி. 2560க்கு 1080 புள்ளிகள். (அதற்காக எடுத்த 'கேரொசல்' விளம்பரப் படம் அந்த வருஷம் கான் விளம்பர விழாவில் பெரும் பரிசு வாங்கியது. டிவியை மறந்தவர்கள்கூட அதை நினைவில் வைத்திருக்கிறார்கள்.) 2012இல் அமெரிக்காவில் விசியோவும் இதே விகிதத்தில் இறங்கியது.

உள்ளே நடப்பது இதுதான். டிவி அந்தக் கறுப்பு வரிசைகளை வெட்டி எறிகிறது. மிஞ்சிய 1920க்கு 800 படத்தை அகலத்திலும் உயரத்திலும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாக்குகிறது. அகலம் 2560 ஆகிறது, உயரம் 1080ஐ ஏறக்குறையத் தொட்டுவிடுகிறது. திரை நிறைந்தாயிற்று. ஆனால் மாவு அதே ஒரு கரண்டி மாவுதான், இன்னும் மெல்லிசாகத் தேய்த்திருக்கிறது, அவ்வளவே. இடையில் இருக்க வேண்டிய புள்ளிகளை டிவி ஊகித்து நிரப்புகிறது. சப்டைட்டிலிலும் சங்கடம் உண்டு. சில வட்டுகளில் எழுத்து அந்தக் கீழ்க் கறுப்பில்தான் உட்கார்ந்திருக்கும். வெட்டினால் வசனமும் சேர்ந்து போகும்.

தினமும் ரோஸ்டா சாப்பிடுகிறோம்? செய்தி, சீரியல், கிரிக்கெட் எல்லாம் 16:9. நீளத் தட்டில் அவற்றை வைத்தால் இடப்பக்கம் 320, வலப்பக்கம் 320 நெடுவரிசை காலி. இழுத்து நிரப்பினால் செய்தி வாசிப்பவருக்குக் கன்னம் உப்பிவிடும். கறுப்பு ஒழியவில்லை, மேலிருந்து பக்கவாட்டுக்கு இடம் மாறியது.

உண்மையில் நீள டிவியைக் கவிழ்த்தது ஒரு சின்னக் கணக்கு. உதாரணத்துக்கு, 58 இன்ச் நீளத் திரை ஒன்று ஏறக்குறைய 136 செ.மீ. அகலம், 57 செ.மீ. உயரம். அதில் கிரிக்கெட் பார்த்தால் கிடைப்பது 46 இன்ச் டிவியின் படம்தான். அதே 136 செ.மீ. அகலம் சாதாரண 61 இன்ச் டிவியிலும் உண்டு. அதில் ஸ்கோப் படம் அச்சு அசலாக அதே அளவில் தெரியும், கிரிக்கெட் 61 இன்ச் முழுக்கத் தெரியும். ஆக, நீளத் தட்டு என்பது பெரிய தட்டின் மேலும் கீழும் நறுக்கியதுதான். அதற்குக் கூடுதல் விலை.

ஏன் கூடுதல் விலை? தட்டுகளைப் பெரிய தகட்டிலிருந்து வெட்டி எடுக்கிறார்கள். 10.5ஆம் தலைமுறை ஆலையின் தாய்க்கண்ணாடி 2940க்கு 3370 மி.மீ. அதில் 65 இன்ச் திரை எட்டு, அல்லது 75 இன்ச் ஆறு, அதிகம் வீணாகாமல் வெட்டலாம். தகட்டின் அளவே 16:9ஐ மனதில் வைத்து முடிவானது. வேறு வடிவம் வேண்டுமென்றால் துண்டு மிஞ்சும், விற்பனையும் குறைவு, விலை ஏறும். ஃபிலிப்ஸ் 2012இல் ஒதுங்கியது. 21:9 இன்று பிழைத்திருப்பது கம்ப்யூட்டர் மானிட்டர்களில். அங்கே இரண்டு ஜன்னலைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைக்க அகலம் நிஜமாகவே உதவுகிறது.

இதற்கிடையில் சமையல்காரர்களே மாறிவிட்டார்கள். நெட்ஃபிளிக்ஸின் 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' 2:1இல் வந்தது. 2021இல் ஸாக் ஸ்னைடர் 'ஜஸ்டிஸ் லீக்'கை 4:3இல் கொடுத்தார். 'தி டார்க் நைட்' புளூ-ரேயில் ஐமேக்ஸ் காட்சி வந்ததும் படம் 16:9 முழுத்திரைக்கு விரிந்து, பிறகு மறுபடி ஒடுங்கும். நீளத் திரையில் ஜூம் போட்டுப் பார்த்தால் பிரம்மாண்டமாக எடுத்த அந்தக் காட்சிகளுக்குத்தான் தலையும் காலும் வெட்டுப்படும்.

வடிவம் மாறும் தட்டுக்கும் முயற்சி நடந்தது. 2018இல் எல்ஜி டிஸ்ப்ளே காட்டிய 65 இன்ச் சுருள் திரை, படம் போட்டால் கொஞ்சம் உள்ளே இறங்கி 21:9இல் நிற்கும். சுருள் டிவி 2020இல் கொரியாவில் விற்பனைக்கு வந்தபோது விலை பத்துக் கோடி வோன். சாம்சங் 2018இல் காட்டிய 146 இன்ச் 'தி வால்' துண்டுகளைச் சேர்த்து அடுக்கும் மைக்ரோ எல்இடி திரை. வேண்டிய வடிவில் சுவரை நிரப்பலாம், பணம் இருந்தால்.

நம் பட்ஜெட்டில் நடந்த மாற்றம் ஓஎல்இடி. எல்சிடியில் பின்விளக்கு கசிந்து அந்தக் கறுப்புப் பட்டைகள் சாம்பலாகத் தெரியும், கண்ணை உறுத்தும். ஓஎல்இடியில் கறுப்பு என்றால் அந்தப் புள்ளி அணைந்தே போகிறது. இருட்டறையில் தட்டின் விளிம்பே தெரியாது. கடைக்குப் போனால் விகிதத்தை விட்டுவிட்டு டேப்பை அகலவாக்கில் பிடியுங்கள். இன்றைய 65 இன்ச் டிவியின் அகலம் 144 செ.மீ. ஃபிலிப்ஸின் அந்த 56 இன்ச் டிவியின் அகலம் 131. கறுப்புப் பட்டைகளோடு ஓடும் ஸ்கோப் படமே அதைவிடப் பெரிது.