பகலில் பூசை, இரவில் குஸ்தி! அநாதைக் குழந்தைகளுக்காக முகமூடி போட்ட பாதிரியார்

படக்கதையில் வரும் முகமூடி வீரர்களுக்கு ஒரு வசதி உண்டு. ராத்திரி முழுக்க ஊரைக் காப்பாற்றிவிட்டு, காலையில் ஜம்மென்று ஆபீசுக்குப் போய்விடுவார்கள். வீட்டு வாடகை, மளிகைக் கடை பாக்கி என்ற தொல்லை அனேகமாகக் கிடையாது.

மெக்சிகோ நாட்டில் நிஜமாகவே ஒருவர் இப்படி இரட்டை வாழ்க்கை வாழ்ந்தார். அவர் முகமூடி போட்டதே மளிகைப் பாக்கிக்காகத்தான்!

பெயர் செர்ஜியோ குட்டியரெஸ் பெனிடெஸ். 1945-ல் பிறந்தவர். வாலிப வயதில் போதைக்கு அடிமை. உதவி கேட்டு ஒரு பாதிரியாரிடம் போனார். அவரோ திட்டி விரட்டிவிட்டார். வந்ததே கோபம்! அவரைவிட நல்ல பாதிரியாராக ஆகிக் காட்டுவது என்று முடிவு கட்டினார். ஆகியும் விட்டார்.

தலைநகர் மெக்சிகோ சிட்டிக்குப் பக்கத்தில் டெஸ்கோகோ வட்டாரத்தில் அநாதை இல்லம் ஒன்றைத் தொடங்கினார். தெருவில் கிடந்த பிள்ளைகளை அழைத்து வந்தாயிற்று. மூணு வேளையும் சோறு போடணுமே? பணத்துக்கு எங்கே போவது?

சினிமா காட்டிய வழி

1963-ல் வந்த ஒரு மெக்சிகோ படத்தில், அநாதைப் பிள்ளைகளுக்காக ஒரு பாதிரியார் ரகசியமாகக் குஸ்தி போடுவார். அதே வழியைப் பிடித்தார் செர்ஜியோ. பயிற்சி எடுத்தார். தங்க நிறமும் சிவப்பும் கலந்த முகமூடி தயார். "பிரே டோர்மென்டா" என்று பெயர் வைத்துக்கொண்டார். நம் பாஷையில் சொன்னால், "புயல் சாமியார்"!

மெக்சிகோ குஸ்தியில் முகமூடி என்பது சாதாரணத் துணி அல்ல. அதுதான் வீரரின் மானம். முகமூடியைப் பந்தயம் வைத்து மோதித் தோற்றால், கூட்டத்துக்கு முன்னால் கழற்றி முகத்தைக் காட்டியே ஆகவேண்டும். அந்த நாட்டின் பெரிய குஸ்தி நட்சத்திரம் எல் சாண்டோ 1984-ல் இறந்தபோது, முகமூடியோடுதான் அடக்கம் செய்தார்கள்.

புயல் சாமியாருக்கோ முகமூடியின் உபயோகமே வேறு. உள்ளே இருப்பது பாதிரியார் என்று தெரிந்தால் பிழைப்பு போச்சு!

மேடை ஏறினால் மூட்டை மூட்டையாகப் பணம் கொட்டும் என்று அவர் நினைத்திருந்தார். கொட்டவில்லை. கிடைத்தது சொற்பம். அடி மட்டும் நிஜம். ராத்திரி வாங்கிய அடியைக் காலையில் பூசைக்கு வருகிறவர்களிடம் சொல்லி அழவும் முடியாது. சரி, விட்டுத் தொலைக்கலாம் என்றால் இல்லத்தில் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டு, சாயங்காலம் இன்னொரு கடையில் கணக்கு எழுதுகிற குடும்பஸ்தருக்கு இந்தக் கஷ்டம் புரியும்.

குட்டு உடைந்தது

அவருடைய ரகசியத்தை உடைத்தவர் இன்னொரு முகமூடி வீரர், உரகான் ராமிரெஸ். பாதிரியாரும் புயல் சாமியாரும் ஒரே ஆள் என்று கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார்.

பிஷப்புக்குச் சம்மதம் இல்லை. பாதிரியார் குஸ்தி போடலாமா? நியாயமான கேள்விதான். பிள்ளைகளுக்கு யார் சோறு போடுவது என்பதும் நியாயமான கேள்வி ஆயிற்றே! சாமியார் மேடையை விடவில்லை. முகமூடியையும் கழற்றவில்லை. ரகசியம் போன பிறகு பெயர் இன்னும் பரவியது. ஜப்பான் வரைக்கும் போய்க் குஸ்தி போட்டுவிட்டு வந்தார்.

ஆக மொத்தம் 23 வருஷம்!

இவர் கதையை வைத்து 1991-ல் பிரான்சில் ஒரு படம் எடுத்தார்கள். 2006-ல் ஹாலிவுட்டில் "நாச்சோ லிப்ரே" என்ற சிரிப்புப் படம் வந்தது. ஜாக் பிளாக் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடித்தார்.

குஸ்தியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் சாமியார் முகமூடியை விடவில்லை. பூசை அங்கிக்கு மேலே தங்க முகமூடியோடு பீடத்தில் நின்று பூசை வைத்தார்.

இல்லத்தில் வளர்ந்த பிள்ளைகளில் ஒருவரும் குஸ்திக்கு வந்தார். அவர் வைத்துக்கொண்ட பெயர், பிரே டோர்மென்டா ஜூனியர்.