சந்து பொந்துக்கும் ஒரு பளபளப்பு
(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



நம் சங்ககிரியைப் பற்றி வெளியூர்க்காரர்களிடம் கேட்டால் இரண்டு விஷயம் சொல்வார்கள். ஒன்று, 1805-ல் தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்ட மலைக்கோட்டை. மற்றொன்று லாரி. வீட்டுக்கு வீடு ஏதாவது ஒரு விதத்தில் லாரியோடு சம்பந்தம் உண்டு. ஓனராக இருப்பார், டிரைவராக இருப்பார், இல்லாவிட்டால் எங்கள் அப்பாவைப் போலப் பட்டறைக்காரராக இருப்பார். டிங்கரிங், பட்டி பார்ப்பது, பெயிண்ட், பாலிஷ் எல்லாம் எங்கள் பட்டறையில் உண்டு. எஃப்.சி.க்கு வரும் லாரிகள்தான் பிழைப்பு. எப்போதாவது கார் வரும்.

அப்படி வந்த ஒரு காரில் நான் செய்த தப்பும், அதிலிருந்து கற்றுக்கொண்டதும்தான் இந்தக் கட்டுரை.

லாரி ஓனர் ஒருவர் மகள் கல்யாணத்துக்காக ஒரு பழைய காரை வாங்கினார். கருநீல நிறம். “மேஸ்திரி, புதுசு மாதிரி பண்ணிக் குடுங்க” என்று விட்டுப் போனார். பானெட், கூரை, கதவுகள் எல்லாவற்றையும் அப்பா பெரிய பஃபிங் மெஷினில் கண்ணாடி போல ஆக்கிவிட்டார். பாக்கி இருந்தது கதவுக் கைப்பிடிக்குப் பின்னால் விரல் நுழையும் குழி, சைடு கண்ணாடியின் அடிப்பாகம், நம்பர் பிளேட் பள்ளம் ஆகியவைதான். குழியில் நகக்கீறல் வலை பின்னியது போல இருந்தது.

அப்பா டீ குடிக்கப் போன நேரம். நான் 4 இஞ்ச் கிரைண்டரில் 3 இஞ்ச் ஸ்பாஞ்சை மாட்டிக் குழியில் வைத்தேன். மூன்று விநாடி கூட இருக்காது. கருகிய வாசனை வந்தது. எடுத்துப் பார்த்தால் குழியின் விளிம்பில் ஐம்பது பைசா அகலத்துக்கு வெள்ளையாக பிரைமர் தெரிந்தது. பதறி மெஷினைத் தூக்கியபோது ஸ்பாஞ்ச் பிய்த்துக்கொண்டு என் காதோரமாகப் பறந்து சுவரில் அடித்தது. ஒரு இஞ்ச் தள்ளியிருந்தால் கண்.

அப்பா திட்டவில்லை. “ஏங்கண்ணு, காலேஜ்ல இதெல்லாம் சொல்லித் தர்றதில்லையா?” என்று மட்டும் கேட்டார். “இல்லீங்கப்பா” என்றேன். அது பொய். முதலாண்டிலேயே சொல்லித் தந்திருந்தார்கள். நான்தான் பரீட்சைக்கு மட்டும் படித்திருந்தேன். அந்தக் கதவு முழுவதையும் மறுபடி பெயிண்ட் அடித்தோம். மூன்று நாள் வேலை வீண். கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி பத்து மணிக்குத்தான் வண்டியைக் கொடுக்க முடிந்தது.

ஏன் எரிந்தது?

சுழலும் பொருளின் ஓர வேகம் என்பது பை, விட்டம், நிமிடச் சுற்று ஆகிய மூன்றின் பெருக்கல். பெரிய மெஷினின் 7 இஞ்ச் பஃப் 1500 சுற்றில் ஓடினால் ஓர வேகம் விநாடிக்கு 14 மீட்டர். அதே 1500 சுற்றில் 3 இஞ்ச் பஃப் 6 மீட்டர், 1 இஞ்ச் பஃப் வெறும் 2 மீட்டர். ஆக, சின்ன பஃப் இயற்கையிலேயே மெதுவானது. ஆனால் 4 இஞ்ச் கிரைண்டர் ஓடுவது 11,000 சுற்று அளவில். அதில் 3 இஞ்ச் ஸ்பாஞ்சை மாட்டினால் விநாடிக்கு சுமார் 44 மீட்டர், அதாவது மணிக்கு 158 கிலோமீட்டர்! பாலிஷ் வேலைக்குப் பொதுவாக 600 முதல் 3000 சுற்றுக்குள்தான் வேண்டும்.

அடுத்தது அழுத்தம். 7 இஞ்ச் பஃபின் பரப்போடு ஒப்பிட்டால் 1 இஞ்ச் பஃபின் பரப்பு 49-ல் ஒரு பங்கு. பெரிய மெஷினை அழுத்திப் பழகிய கை அதே பலத்தை இங்கே கொடுத்தால் அழுத்தம் 49 மடங்கு! சூடும் பரவ இடமின்றி ஒரே இடத்தில் தேங்கும்.

மூன்றாவது பெயிண்டின் கனம். கார்களில் மேலே இருக்கும் கிளியர் கோட் பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரான். நாம் ரெக்கார்டு எழுதும் தாளின் கனத்தில் ஏறக்குறைய பாதி. விளிம்புகளில் அதைவிடக் குறைவு, ஏனென்றால் ஈரப் பெயிண்ட் காயும்போது கூரான ஓரத்தை விட்டு விலகி ஓடும். சந்து பொந்து என்றாலே விளிம்புதானே! நான் அதிக வேகத்தை, அதிக அழுத்தத்தோடு, மிகக் கனம் குறைந்த இடத்தில் வைத்திருந்தேன்.

எதை வாங்குவது?

முதலில் மெஷின். வேகம் குறைக்கும் திருகு உள்ள சின்ன பாலிஷர் உத்தமம். இத்தாலியின் ரூபெஸ், ஜெர்மனியின் ஃபிளெக்ஸ் போன்ற கம்பெனிகள் இதற்கென்றே கையடக்க மெஷின்கள் செய்கின்றன. ஃபிளெக்ஸ் 1922-ல் தொடங்கிய கம்பெனி. வளையும் தண்டு வைத்த கிரைண்டரால்தான் அதற்கு அந்தப் பெயரே வந்தது. எட்டாத இடத்துக்கு எட்ட வேண்டும் என்ற தேவை அவ்வளவு பழசு. நம் பட்டறைக்கு அந்த விலை கட்டுப்படியாகாது என்றால், வேகம் மாற்றக்கூடிய 10 எம்.எம். டிரில் மெஷினில் 6 எம்.எம். தண்டு வைத்த பிளேட்டை மாட்டலாம். ஆனால் டிரில்லின் பேரிங் நேராகத் தள்ளுவதற்குச் செய்தது. பக்கவாட்டில் அழுத்தினால் சீக்கிரம் ஆட்டம் கொடுக்கும். லேசான கை வேண்டும்.

இரண்டாவது பிளேட். 1, 2, 3 இஞ்ச் அளவுகளில் கிடைக்கும். வாங்கும்போது மரையைப் பாருங்கள். 4 இஞ்ச் கிரைண்டரின் மரை எம்10. 5 இஞ்ச் கிரைண்டருக்கும் பெரும்பாலான பாலிஷர்களுக்கும் எம்14. பிளேட்டின் முதுகில் அதிகபட்ச சுற்று அச்சிட்டிருக்கும். மெஷின் அதைத் தாண்டக் கூடாது. என் காதோரம் பறந்தது இந்த எழுத்தைப் படிக்காததால்தான்.

பிளேட்டில் பஃப் ஒட்டிக்கொள்வது வெல்க்ரோவால். நம் மலையடிவாரத்தில் நடந்தால் நாயுருவி விதை வேட்டியில் ஒட்டிக்கொள்ளும் அல்லவா? 1941-ல் சுவிட்சர்லாந்துக்காரரான ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் தன் நாயின் மயிரில் அப்படி ஒட்டிய முட்காயை மைக்ராஸ்கோப்பில் பார்த்துத்தான் இதைக் கண்டுபிடிக்கப் புறப்பட்டார். சூடு ஏறினால் இந்தக் கொக்கிகள் இளகிப் பிடி விட்டுவிடும். மாதம் ஒருமுறை கையால் இழுத்துப் பாருங்கள்.

மூன்றாவது பஃப். பஃப் எப்போதும் பிளேட்டைவிடச் சுற்றிலும் கால் இஞ்சாவது பெரிதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிளேட்டின் கடினமான ஓரம் பெயிண்டில் இடிக்கும். கம்பளி பஃப் வேகமாக வெட்டும், சூடும் சீக்கிரம் ஏறும். கடின ஸ்பாஞ்ச் கீறலுக்கு, மென்மையான ஸ்பாஞ்ச் கடைசிப் பளபளப்புக்கு. கூம்பு வடிவ ஸ்பாஞ்ச் வீல் டிஸ்க்கின் கம்பிகளுக்கு நடுவே போகும். சின்ன பஃப் சீக்கிரம் காம்பவுண்டால் அடைத்துக்கொள்ளும். ஆகவே ஒன்றுக்கு நான்காக வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள்.

நான்காவது நீட்டுத் தண்டு. மெஷினின் தலை நுழையாத இடத்துக்கு இது உதவும். ஆனால் தண்டு நீள நீள ஆட்டம் கூடும். வேலைக்குப் போதுமான குட்டைத் தண்டே நல்ல தண்டு.

எப்படிச் செய்வது?

முதலில் நன்றாகக் கழுவுங்கள். லாரி ஓடும் ரோட்டின் தூசி குழியில் தங்கியிருந்தால் அதுவே உப்புத்தாள். ரப்பர் பீடிங், கறுப்பு பிளாஸ்டிக், எழுத்து, கூரான விளிம்பு எல்லாவற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். கறுப்பு பிளாஸ்டிக்கில் காம்பவுண்ட் காய்ந்தால் வெள்ளைக் கறை போவது கஷ்டம்.

கீறலின் குறுக்கே நகத்தால் தடவுங்கள். நகம் மாட்டினால் அது பாலிஷில் போகாது. போக வைக்க முயன்றால் கிளியர் கோட்தான் போகும். மங்கலாக்கினால் போதும் என்று விட்டுவிடுங்கள்.

1 இஞ்ச் பஃபுக்கு ஒரு துவரம் பருப்பு அளவு காம்பவுண்ட், 3 இஞ்ச்சுக்கு மூன்று. பஃபை இடத்தில் வைத்த பிறகே சுவிட்சைப் போடுங்கள். 1000 சுற்றில் தொடங்கி 1500-க்கு மேல் போக வேண்டாம். மெஷினின் எடையே போதும், அழுத்தாதீர்கள். நிற்காமல் நகர்த்துங்கள். நான்கு நடை போனதும் நிறுத்திப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஆற விடுங்கள். பம்பர், சைடு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பாகங்களில் இன்னும் கவனம் வேண்டும். தகடு சூட்டைக் கடத்திப் பரப்பிவிடும், பிளாஸ்டிக் அங்கேயே தேக்கி வைக்கும்.

விளிம்பருகே வரும்போது பஃபின் சுழற்சி பேனலிலிருந்து வெளியே போகும் திசையில் இருக்க வேண்டும். விளிம்பை எதிர்த்து மோதினால் பெயிண்டைச் சீவிவிடும். கிளியர் கோட் போட்ட வண்டியில் பஃபில் நிறம் ஏறினால் அந்த நொடியே நிறுத்துங்கள், கோட் முடிந்துவிட்டது என்று அர்த்தம். கிளியர் கோட் இல்லாத பழைய சாலிட் பெயிண்ட் என்றால் நிறம் ஏறுவது சகஜம்.

மெஷினே நுழையாத இடத்துக்கு ஐஸ் குச்சியில் திருப்பூர் பனியன் துணியைச் சுற்றிக் கையால் தேய்ப்பதே மேல். நேரம் ஆகும், ஆனால் எரியாது. கண்ணாடி அணியாமல் சுவிட்சில் கை வைக்காதீர்கள். தொங்கும் துண்டு, கழுத்துச் சங்கிலி கூடவே கூடாது.

சென்ற மாதம் அதே ஓனர் இன்னொரு காரைக் கொண்டுவந்தார். நான் கொஞ்சம் ஒளிந்துதான் நின்றேன். அப்பா சாவியை வாங்கி என்னிடம் நீட்டினார். “கைப்பிடிக் குழியெல்லாம் தம்பி பார்த்துக்கும்ங்க” என்றார். ஓனர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “பார்த்துக் கண்ணு” என்றார். நான்கு குழிக்கும் சேர்த்து இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டேன். முடிந்ததும் அப்பா டார்ச் அடித்து ஒவ்வொரு குழியாகப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் அடுத்த லாரிக்குப் பட்டி குழைக்கப் போய்விட்டார். எங்கள் பட்டறையில் அதற்குப் பெயர் பாராட்டு.

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பார்கள். 1 இஞ்ச் பஃபும் அப்படித்தான். ஆனால் அதற்கும் ஒரு கணக்கு உண்டு, அந்தக் கணக்கு நம் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. தம்பிகளே, பரீட்சை முடிந்ததும் புத்தகத்தைப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். பட்டறையில் தேவைப்படும்.