மாநில எல்லையில் சரக்கை நிறுத்த யாருக்கு அதிகாரம்? உள்நாட்டு வணிகத் தடைகள் குறித்த ஒரு விளக்கம்

2024 ஜூலையில் மேற்கு வங்கச் சந்தைகளில் உருளைக்கிழங்கு விலை உயர்ந்தபோது, ஒடிசாவுக்கும் ஜார்க்கண்டுக்கும் அதை ஏற்றிச் சென்ற லாரிகள் மாநில எல்லையில் தடுத்து நிறுத்தப்பட்டன. அந்தத் தடைக்கு எதிராக மேற்கு வங்க வியாபாரிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஒடிசாவில் விலை ஏறியதால், அங்கு உத்தரப் பிரதேசத்திலிருந்து உருளைக்கிழங்கு தருவிக்க ஏற்பாடு செய்யப்பட்டது. இரு மாநில முதல்வர்கள் அளவிலேயே பேச வேண்டிய விவகாரமாக அது வளர்ந்தது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் எல்லையில் மீண்டும் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. 2013, 2014-ஆம் ஆண்டுகளிலும் இதே நிகழ்ந்திருந்தது.

சரக்கு மற்றும் சேவை வரி (ஜிஎஸ்டி) நடைமுறைக்கு வந்ததும் நாடு முழுவதும் ஒரே சந்தையாகிவிட்டது என்று பரவலாகக் கூறப்படுகிறது. அப்படியெனில், ஒரு மாநிலத்தின் விளைபொருளை அடுத்த மாநிலத்துக்குச் செல்லவிடாமல் எப்படித் தடுக்க முடிகிறது? அதற்குச் சட்டம் இடமளிக்கிறதா? தடையால் பாதிக்கப்படும் மாநிலம் யாரிடம் முறையிட வேண்டும்?

அரசியலமைப்புச் சட்டம் சொல்வது என்ன?

அரசியலமைப்புச் சட்டத்தின் 13-ஆவது பகுதி, 301 முதல் 307 வரையிலான பிரிவுகளில் உள்நாட்டு வணிகம் பற்றிப் பேசுகிறது. இந்திய நிலப்பரப்பு முழுவதும் வணிகமும் வாணிபமும் போக்குவரத்தும் தடையின்றி நடைபெற வேண்டும் என்பது 301-ஆவது பிரிவின் சாரம். ஆனால், அந்தப் பகுதியின் மற்றப் பிரிவுகளுக்கு உட்பட்டே இந்தச் சுதந்திரம் அமையும் என்ற நிபந்தனையும் அதே வாக்கியத்தில் இடம்பெற்றுள்ளது.

பொது நலன் கருதி வணிகத்தைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றும் அதிகாரத்தை 302-ஆவது பிரிவு நாடாளுமன்றத்துக்கு அளிக்கிறது. மாநிலங்களுக்கான அதிகாரம் 304-ஆவது பிரிவில் உள்ளது. வெளி மாநிலச் சரக்குக்கு மாநில அரசு வரி விதிக்கலாம். ஆனால், உள்ளூர்ச் சரக்குக்கும் வெளியூர்ச் சரக்குக்கும் இடையே பாகுபாடு காட்டக் கூடாது. பொது நலனுக்காக நியாயமான கட்டுப்பாடுகளையும் விதிக்கலாம். எனினும், அவை சட்டப்பேரவை இயற்றும் சட்டத்தின் வழியாகவே வர வேண்டும். அதற்கான மசோதாவை அறிமுகம் செய்வதற்கு முன்பே குடியரசுத் தலைவரின் அனுமதியைப் பெற வேண்டும். விடுபட்டுப்போனால், பின்னர் கிடைக்கும் ஒப்புதல் அந்தக் குறையை ஈடு செய்யும்.

சட்டத்தின் துணையின்றி வெறும் நிர்வாக ஆணையால் இந்தச் சுதந்திரத்தைப் பறிக்க முடியாது என்பதை, ஹைதராபாத் சர்க்கரை வியாபாரிகள் தொடர்பான வழக்கில் உச்சநீதிமன்றம் 1970-இல் தெளிவுபடுத்தியது. அத்தியாவசியப் பொருள்கள் சட்டம், 1955-இன் கீழ் மத்திய அரசு ஒப்படைத்த அதிகாரத்தைக் கொண்டும் மாநிலங்கள் சில கட்டுப்பாடுகளை விதிக்கலாம். அந்த அதிகாரமும் மத்திய அரசு வகுக்கும் நிபந்தனைகளுக்கு உட்பட்டது. எழுத்துபூர்வமான சட்டம் ஏதுமின்றி எல்லையில் லாரிகளை நிறுத்திவைப்பது சட்ட ரீதியாக வலுவற்றது என்பது இவற்றிலிருந்து புலனாகிறது.

நீதிமன்றத்தில் 56 ஆண்டு விவாதம்

மாநிலம் விதிக்கும் வரியே வணிகத் தடையாகுமா என்ற கேள்வி 1960-இல் உச்சநீதிமன்றத்தை எட்டியது. சாலை வழியாகவும் உள்நாட்டு நீர்வழியாகவும் கொண்டு செல்லப்படும் சரக்குக்கு அஸ்ஸாம் அரசு வரி விதித்திருந்தது. கொல்கத்தாவுக்குத் தேயிலை அனுப்பிவந்த அதியாபாரி தேயிலை நிறுவனம் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. சரக்குப் போக்குவரத்தை நேரடியாகப் பாதிக்கும் வரியும் தடையே என்று கூறி, அந்தச் சட்டத்தை நீதிமன்றம் செல்லாததாக்கியது.

இரண்டு ஆண்டுகளில் அந்த நிலைப்பாடு தளர்ந்தது. ராஜஸ்தான் மாநில மோட்டார் வாகன வரி தொடர்பாக 1962-இல் வெளியான தீர்ப்பில், சாலை போன்ற வசதிகளுக்கு ஈடாக வசூலிக்கப்படும் வரியை வணிகத் தடையாகக் கருத முடியாது என்று கூறப்பட்டது. இந்த 'ஈட்டு வரி' கோட்பாடு அதன்பின் அரை நூற்றாண்டுக்கும் மேலாக மாநிலங்களுக்குக் கேடயமாக விளங்கியது.

இறுதியாக 2016 நவம்பரில், ஜிந்தால் ஸ்டெயின்லெஸ் நிறுவனத்துக்கும் ஹரியாணா அரசுக்கும் இடையேயான வழக்கில் 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு, 7-2 என்ற பெரும்பான்மையில் முந்தைய கோட்பாடுகளைக் கைவிட்டது. வணிகச் சுதந்திரம் என்பது வரியிலிருந்து விடுதலை ஆகாது. பாகுபாடு காட்டும் வரிகளுக்கு மட்டுமே தடை என்று அந்த அமர்வு தீர்ப்பளித்தது. வரி விதிப்பது மாநிலங்களின் இறையாண்மை சார்ந்த அதிகாரம் என்ற வாதம் அதில் மேலோங்கியது. நுழைவு வரியைப் பொருத்தவரை இது மாநிலங்களுக்குச் சாதகமான தீர்ப்பு. ஆனால், அதற்கு முன்பே மாநிலங்கள் அந்த வரியைக் கைவிடச் சம்மதித்திருந்தன.

பேரத்தில் கரைந்த வரிச் சுவர்

1956-இல் கொண்டுவரப்பட்ட மத்திய விற்பனை வரிச் சட்டத்தின்படி, ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்துக்கு விற்கப்படும் சரக்குக்கான வரி, அது புறப்பட்ட மாநிலத்துக்கே சென்றது. வாங்கும் வியாபாரியால் அந்த வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. இந்தச் செலவைத் தவிர்ப்பதற்காகவே பல நிறுவனங்கள் மாநிலந்தோறும் கிடங்கு அமைத்து, சரக்கை விற்பனையாக அல்லாமல் கிளை மாற்றமாக அனுப்பிவந்தன. இதற்கு மேல் மாநில நுழைவு வரியும், மும்பை போன்ற நகரங்களில் ஆக்ட்ராய் எனப்படும் நகர நுழைவுத் தீர்வையும் இருந்தன. அவற்றை வசூலிக்கவும் கண்காணிக்கவும் அமைக்கப்பட்ட சோதனைச் சாவடிகளில் லாரிகள் வரிசையில் காத்துக் கிடந்தன.

101-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், நுழைவு வரி விதிப்பதற்கான அதிகாரத்தை மாநிலப் பட்டியலிலிருந்து நீக்கியது. 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி அமலானதைத் தொடர்ந்து, பெரும்பாலான மாநிலங்களில் வரிச் சோதனைச் சாவடிகள் மூடப்பட்டன. சரக்கு நுகரப்படும் மாநிலத்துக்கே வரி வருவாய் சேரும் முறை வந்தது. ரூ.50,000-க்கு மேற்பட்ட மதிப்புள்ள சரக்கை வேறு மாநிலத்துக்குக் கொண்டு செல்ல மின்னணு வழிச் சீட்டு (இ-வே பில்) முறை 2018 ஏப்ரல் 1 முதல் கட்டாயமாக்கப்பட்டது.

மாநிலங்கள் இதற்கு எளிதில் இணங்கிவிடவில்லை. உற்பத்தியில் முன்னணியில் உள்ள தமிழகம் உள்ளிட்ட மாநிலங்கள் வருவாய் இழப்பு நேரும் என்று அஞ்சின. 2016 ஆகஸ்டில் மாநிலங்களவையில் திருத்த மசோதா வாக்கெடுப்புக்கு வந்தபோது அதிமுக உறுப்பினர்கள் வெளிநடப்பு செய்தனர். 2015-16 நிதியாண்டின் வருவாயை அடிப்படையாகக் கொண்டு, ஆண்டுக்கு 14 சதவீத வளர்ச்சியை உறுதி செய்யும் இழப்பீடு 5 ஆண்டுகளுக்கு வழங்கப்படும் என்ற உத்தரவாதமே தயக்கத்தை அகற்றியது. ஜிஎஸ்டி கவுன்சிலில் மத்திய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கும், மாநிலங்களின் வாக்குகளுக்கு மூன்றில் இரண்டு பங்கும் மதிப்பு அளிக்கப்பட்டது. எந்த முடிவுக்கும் நான்கில் மூன்று பங்கு ஆதரவு தேவை. இழப்பைச் சந்திக்கும் மாநிலத்துக்கு ஈடும், முடிவெடுக்கும் இடத்தில் குரலும் கிடைத்ததால் வரிச் சுவர் அகன்றது.

விளைபொருளில் நீடிக்கும் தடைகள்

ஜிஎஸ்டிக்குள் வராத பொருள்களில் நிலைமை வேறு. மனித நுகர்வுக்கான மதுபானமும் பெட்ரோல், டீசல் ஆகியவையும் இன்றும் மாநில வரி அதிகாரத்தின் கீழ் உள்ளன. மது வணிகத்தை அடிப்படை உரிமையாகக் கோர முடியாது என்று நீதிமன்றங்கள் கூறியுள்ளதால், அதில் மாநிலங்களின் பிடி உறுதியாக உள்ளது. ஆயினும் விவசாயியையும் நுகர்வோரையும் நேரடியாகத் தொடும் தடைகள் வேளாண் விளைபொருள்களிலேயே அதிகம். அவை இரு திசைகளிலும் செயல்படுகின்றன.

மேற்கு வங்க உருளைக்கிழங்கு, வெளியே செல்வதைத் தடுப்பதற்கு எடுத்துக்காட்டு. உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்தபடியாக நாட்டில் அதிக அளவில் உருளைக்கிழங்கு விளையும் மாநிலம் அது. ஹூக்ளி, வர்த்தமான் போன்ற மாவட்டங்களில் அறுவடையாகும் கிழங்கு குளிர்பதனக் கிடங்குகளில் சேமிக்கப்பட்டு, ஆண்டின் பிற்பகுதியில் படிப்படியாக வெளியே எடுக்கப்படுகிறது. வழக்கமாக நவம்பர் இறுதிக்குள் கிடங்குகள் காலியாக வேண்டும். அந்த நேரத்தில் எல்லை மூடப்பட்டால், உள்ளூர் நுகர்வோருக்கு விலை குறையலாம். ஆனால், கிடங்கில் இருப்பு வைத்துள்ள விவசாயியும் வியாபாரியும் நல்ல விலை கிடைக்கும் சந்தையை இழக்கின்றனர். அண்டை மாநில நுகர்வோர் கூடுதல் விலை கொடுக்கின்றனர்.

உள்ளே வருவதைத் தடுப்பதற்கு எடுத்துக்காட்டு நெல். சத்தீஸ்கர் அரசு 2023-24 கொள்முதல் பருவத்தில் குவிண்டாலுக்கு ரூ.3,100 என்ற விலையை வழங்கியது. மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலையைவிட இது மிக அதிகம் என்பதால், அண்டை மாநில நெல் கொள்முதல் நிலையங்களுக்கு வந்துவிடாமல் தடுக்க எல்லையில் கண்காணிப்பு பலப்படுத்தப்படுகிறது. பஞ்சாபிலும் கொள்முதல் காலத்தில் வெளி மாநில நெல் லாரிகள் சோதனைக்கு உள்ளாகின்றன. தன் மாநில விவசாயிக்காக ஒதுக்கிய நிதி இடைத்தரகரிடம் சென்றுவிடக் கூடாது என்ற வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அதே வேளையில், எல்லைக்கு அப்பால் இருக்கும் சிறு விவசாயிக்கு அந்த விலை எட்டாக்கனியாகிறது.

தோல்வியில் முடிந்த மாற்று முயற்சி

வேளாண் வணிகத்தை ஒரே சட்டத்தால் திறந்துவிட மத்திய அரசு 2020-இல் முயன்றது. அந்த ஆண்டு செப்டம்பரில் நிறைவேறிய மூன்று வேளாண் சட்டங்களில் ஒன்று, ஒழுங்குமுறைச் சந்தை வளாகங்களுக்கு வெளியே நடைபெறும் விற்பனைக்கு மாநிலங்கள் கட்டணம் வசூலிக்கத் தடை விதித்தது. பஞ்சாபில் நெல், கோதுமைக்குச் சந்தைக் கட்டணமாக 3 சதவீதமும், ஊரக வளர்ச்சிக் கட்டணமாக 3 சதவீதமும் வசூலிக்கப்பட்டுவந்தன. கிராமச் சாலைகளுக்கும் சந்தைகளுக்கும் அந்த வருவாயே ஆதாரம். சந்தைகள் நலிந்தால் ஆதரவு விலைக் கொள்முதலும் நலியும் என்று விவசாயிகள் அஞ்சினர்.

வேளாண்மையும் சந்தைகளும் மாநிலப் பட்டியலில் உள்ளவை. உணவுப் பொருள் வணிகம் பொதுப் பட்டியலில் உள்ளது. பொதுப் பட்டியல் அதிகாரத்தின் கீழ் மத்திய அரசு இயற்றிய சட்டத்தைத் தங்கள் அதிகாரத்தில் தலையிடுவதாகவே பல மாநிலங்கள் கருதின. 2021 ஜனவரியில் உச்சநீதிமன்றம் அந்தச் சட்டங்களை நிறுத்திவைத்தது. ஓராண்டு நீடித்த போராட்டத்துக்குப் பின் 2021 நவம்பரில் நாடாளுமன்றம் அவற்றைத் திரும்பப் பெற்றது. ஜிஎஸ்டியின்போது இருந்த கலந்தாய்வும் இழப்பீடும் இங்கே இல்லை என்பது குறிப்பிடத்தக்க வேறுபாடு.

நடுவர் எங்கே?

கூட்டாட்சி நாடுகள் பலவும் இந்தச் சிக்கலை எதிர்கொள்கின்றன. கியூபெக்கிலிருந்து அளவுக்கு அதிகமாக பீர் வாங்கி வந்த ஒருவருக்கு நியூ பிரன்ஸ்விக் மாகாணம் விதித்த அபராதத்தை எதிர்த்த வழக்கில், மாகாணத்தின் அதிகாரத்தை கனடா உச்சநீதிமன்றம் 2018-இல் உறுதி செய்தது. அமெரிக்காவின் வரி விதிப்பால் நெருக்கடி முற்றிய பின்னர், மாகாணங்களுக்கிடையே வணிகத்தைத் தடுக்கும் மத்திய அரசு விதிகளைத் தளர்த்தும் சட்டத்தை அந்த நாடு 2025 ஜூனில் நிறைவேற்றியது. மாகாணங்கள் தாமாக முன்வந்து அகற்ற வேண்டிய தடைகள் அந்தச் சட்டத்துக்கு வெளியே உள்ளன.

இந்திய அரசியலமைப்பை உருவாக்கியவர்கள் இதற்கென ஒரு வழியைக் காட்டியிருந்தனர். 13-ஆவது பகுதியின் நோக்கங்களைச் செயல்படுத்த ஓர் அமைப்பை நாடாளுமன்றம் நியமிக்கலாம் என்கிறது 307-ஆவது பிரிவு. அத்தகைய நிபுணர் அமைப்பை ஏற்படுத்த வேண்டும் என்று மத்திய-மாநில உறவுகள் குறித்த சர்க்காரியா ஆணையம் 1988-இல் பரிந்துரைத்தது. நீதிபதி வெங்கடாசலய்யா தலைமையிலான அரசியலமைப்புச் செயல்பாட்டு ஆய்வு ஆணையமும் 2002-இல் இதையே வலியுறுத்தியது. எனினும் மாநிலங்களுக்கிடையேயான வணிக ஆணையம் உருவாகவில்லை. மாநிலங்களிடை கவுன்சில் 2006-க்குப் பிறகு 10 ஆண்டுகள் கழித்து 2016 ஜூலையில்தான் கூடியது.

அழுகும் சரக்கை வைத்திருப்பவர் உயர்நீதிமன்றத்தை அணுகலாம். ஆனால், வழக்கு விசாரணைக்கு வருவதற்குள் தடை பெரும்பாலும் விலக்கப்பட்டுவிடும்; இழப்பு மட்டும் மிஞ்சும். அதனால் உருளைக்கிழங்கு, வெங்காயம், நெல் ஆகியவற்றில் எழும் பிரச்னைகள் தீர்ப்பாக முடியாமல், இரு அரசுகளின் பேச்சுவார்த்தையில் தற்காலிகமாகத் தணிகின்றன.

ஆணையம் அமைந்தாலும் மாநிலங்களின் கவலைகள் மறைந்துவிடாது. விலை உயரும்போது தன் மக்களுக்கு உணவுப் பொருள் கிடைப்பதை உறுதி செய்ய வேண்டிய கடமை ஒவ்வொரு மாநில அரசுக்கும் உண்டு. எந்தச் சூழலில், எத்தனை நாள்களுக்கு, யாருடைய அனுமதியுடன் எல்லையை மூடலாம் என்பதற்கு எழுத்துபூர்வமான விதி இருந்தால், விதைக்கும்போதே விவசாயி கணக்குப் போட முடியும். வாங்கும் மாநிலமும் முன்கூட்டியே மாற்று ஏற்பாடு செய்துகொள்ள முடியும். அத்தகைய விதியை வகுக்க அரசியலமைப்பைத் திருத்த வேண்டியதில்லை. 307-ஆவது பிரிவின் கீழ் நாடாளுமன்றம் இயற்றும் ஒரு சட்டமே போதுமானது.